அறக்கட்டளைக் கணக்குகளுக்கு டேலி பிரைம்: ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலில் இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள் இரண்டாம் பாடமாகவும், டேலி மென்பொருள் கடைசிப் பாடமாகவும் அமைந்திருக்கின்றன. இரண்டையும் படித்துத் தேறிய ஒருவர் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் கணக்கராகச் சேரும்போது, இவ்விரு பாடங்களையும் ஒன்றோடொன்று பொருத்துகிற வேலை முழுவதும் அவர் பொறுப்பில் வந்து விழுகிறது. மென்பொருளை விற்பவருக்கு அறக்கட்டளையின் கணக்குத் தேவை தெரிவதில்லை. அறங்காவலர்களுக்கு மென்பொருள் தெரிவதில்லை. தணிக்கையாளரோ பெரும்பாலும் ஆண்டு முடிந்த பிறகுதான் வருகிறார். ஆகவே, வணிகர்களுக்காக உருவான டேலி கணக்கு மென்பொருளின் இன்றைய பதிப்பான டேலி பிரைம் ஓர் அறக்கட்டளைக்கு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை, சிறு அமைப்புகளின் கணக்குகளைக் கவனித்து வருபவன் என்ற முறையில் இங்கே மதிப்பிட விரும்புகிறேன்.

என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட நன்கொடையாளர்களிடமிருந்து குறிப்பிட்ட நோக்கங்களுக்காகப் பணம் பெறுகிற, பகுதி நேரமாவது ஒரு கணக்கரை வைத்திருக்கிற அமைப்புக்கு இது நல்ல தேர்வு. ஆனால், முதல் வவுச்சரைப் பதிவதற்கு முன்பே அறங்காவலர்களும் கணக்கரும் தணிக்கையாளரும் ஒன்றாக அமர்ந்து கணக்குத் தலைப்புகளை வகுத்திருந்தால்தான் அது நல்ல தேர்வாக நீடிக்கும். அந்த அமர்வு நடக்காத அமைப்புகளில் டேலி வெறும் ரொக்கப் புத்தகமாகச் சுருங்கிவிடுகிறது.

பெங்களூரைச் சேர்ந்த டேலி நிறுவனம் 1986ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சிறு வணிகர் ஒருவர் தம் கடையின் வரவு செலவையும் சரக்கையும் இரட்டைப் பதிவு முறையில் எளிதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கம். அந்த நோக்கத்தின் தடம் இன்றைய டேலி பிரைமிலும் தெளிவாகத் தெரிகிறது. ஒரு நிறுவனத்தை (டேலியில் தனியாக வைக்கும் ஒரு கணக்குப் புத்தகத் தொகுப்புக்கு இதுவே பெயர்) புதிதாகத் திறந்தவுடன் 28 கணக்குத் தொகுதிகள் ஆயத்தமாக வந்து நிற்கின்றன. அவற்றில் 15 முதன்மைத் தொகுதிகள், 13 துணைத் தொகுதிகள். மூலதனம், கடன், விற்பனை, கொள்முதல் என எல்லாம் ஒரு வணிகருக்கு வேண்டிய வரிசை. உறுப்பினர் சந்தா, நன்கொடை, மானியம், மூலநிதி (முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுவதற்கான நிதி) ஆகியவற்றுக்கு இந்த வரிசையில் இடமில்லை. அவற்றை நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். இலாப நட்டக் கணக்கு என்ற தலைப்புக்குப் பதிலாக வருவாய் செலவினக் கணக்கு என்று காட்டும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ள முடியும். பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் அறிக்கையும் தனியாகக் கிடைக்கிறது. இவ்விரண்டும் அறக்கட்டளைகளுக்குப் பயனுள்ளவை. ஆயினும் தலைப்பை மாற்றுவதால் மட்டும் கணக்கின் உள்ளமைப்பு மாறிவிடாது.

உள்ளமைப்பில் உள்ள முதன்மையான வேறுபாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வணிகரின் பணம் ஒரே பணம். ஆண்டு இறுதியில் மிஞ்சுவது எதுவாயினும் அது உரிமையாளருடையது. ஆகவே மிச்சம் முழுவதும் ஒரே கணக்கில் சென்று சேர்வதில் பிழையில்லை. டேலியும் அப்படித்தான் செய்கிறது. அறக்கட்டளையின் பெட்டியில் இருக்கும் பணம் அத்தகையதன்று. ஒருவர் ஏழை மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று தந்திருப்பார்; இன்னொருவர் கட்டடத்துக்கென்று தந்திருப்பார்; வேறொருவர் முதல் தொகையைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுமாறு எழுதிக் கொடுத்திருப்பார். ஒவ்வொரு தொகையோடும் ஒரு வாக்குறுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த வாக்குறுதியின் கீழ் எவ்வளவு மீதி உள்ளது என்று எந்த நாளிலும் சொல்ல முடிவதே ஓர் அறக்கட்டளைக் கணக்கின் முதற்கடமை என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் அமைப்புக்கு மாணவர் உதவித்தொகைக்கென 3,00,000 ரூபாய் வருகிறது. அந்த ஆண்டில் 1,90,000 ரூபாய் செலவாகிறது. அமைப்புக்கு வேறு வரவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதை நன்கொடை வருவாய் என்றும் உதவித்தொகைச் செலவு என்றும் பதிந்துவிட்டு ஆண்டை முடித்தால், டேலி 1,10,000 ரூபாயை உபரி என்று காட்டும்; அடுத்த ஆண்டு அது பொது உபரியோடு கலந்துவிடும். இரண்டு ஆண்டுகள் கழித்து நன்கொடையாளர் தம் பணத்தின் மீதியைக் கேட்டால், பழைய வவுச்சர்களைத் தோண்டித்தான் விடை காண வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்க மூலதனத் தொகுதியின் கீழ் "நோக்கம் குறித்த நிதிகள்" என்ற துணைத் தொகுதியை உருவாக்கி, அதன் கீழ் "மாணவர் உதவித்தொகை நிதி" என்ற லெட்ஜரை, அதாவது தனிக் கணக்கை, திறக்க வேண்டும். ஆண்டு இறுதியில் 1,10,000 ரூபாயைக் குறிப்பேட்டுப் பதிவின் மூலம் அந்த நிதிக்கு மாற்ற வேண்டும். இந்த மாற்றுப் பதிவை மென்பொருள் தானாகச் செய்யாது. செய்யும்படி நினைவூட்டவும் செய்யாது. ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் கணக்கர்தான் செய்ய வேண்டும். நிதிவாரியான இருப்புநிலைக் குறிப்பு ஒரு பொத்தானில் கிடைக்கும் என்று எதிர்பார்த்து இதை வாங்குவோர் ஏமாற்றமடைவார்கள்.

இதே எடுத்துக்காட்டில் வரிச் சட்டத்தின் கணக்கு வேறு விதமாக ஓடுகிறது. மூலநிதி அல்லாத நன்கொடை, நோக்கம் குறித்ததாக இருந்தாலும், வருமான வரிச் சட்டப்படி அந்த ஆண்டின் வருமானமே. அதில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குப் பயன்படுத்தியிருக்க வேண்டும். 3,00,000 ரூபாயில் 85 விழுக்காடு 2,55,000, செலவானது 1,90,000, குறைவது 65,000. இந்தக் குறையை ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஐந்து ஆண்டுகளுக்கு மிகாமல் சேர்த்து வைப்பதாகப் படிவம் 10 வழியாக உரிய காலத்தில் தெரிவிக்காவிட்டால், அது வரிக்கு உள்ளாகும். புத்தகத்தில் நிதியின் மீதி 1,10,000 என்றும், வரிக் கணக்கில் குறை 65,000 என்றும் இரண்டு எண்கள் இருப்பதைப் பார்த்துப் பல பொருளாளர்கள் திகைக்கிறார்கள். இரண்டும் சரியே. முன்னது நன்கொடையாளருக்குச் சொல்ல வேண்டிய எண். பின்னது வருமான வரித் துறைக்குச் சொல்ல வேண்டிய எண். டேலி முன்னதைத் தர வல்லது. பின்னதற்கு ஒரு விரிதாள் தேவைப்படும். (2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்துள்ளது. எல்லோர் வாயிலும் பழகிவிட்ட காரணத்தால் பிரிவுகளையும் விதிகளையும் படிவங்களையும் பழைய எண்களாலேயே குறிப்பிடுகிறேன்.)

இனி, இந்த மென்பொருளில் அறக்கட்டளைகளுக்கு மிகவும் உகந்த வசதி எது என்று கேட்டால், தயக்கமின்றி செலவு மையம் என்பேன். டேலியில் "காஸ்ட் சென்டர்" என்றும், அவற்றை வகைப்படுத்துவதைக் "காஸ்ட் கேட்டகரி" என்றும் அழைக்கிறார்கள். வணிகர்களில் பெரும்பாலோர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நமக்கோ இதுதான் உயிர்நாடி. "நிதி" என்று ஒரு வகையும் "திட்டம்" என்று ஒரு வகையும் உருவாக்கிக்கொண்டால், ஒரே செலவை இரண்டு கோணங்களில் ஒரே நேரத்தில் பகுத்துப் பதியலாம். களப்பணியாளர் ஒருவருக்கு 20,000 ரூபாய் சம்பளம் தரும்போது, நிதி என்ற வகையில் முழுத் தொகையும் ஒரு நன்கொடையாளரின் பெயரில் நிற்கும். திட்டம் என்ற வகையில் 12,000 ரூபாய் மாலை நேர வகுப்புக்கும் 8,000 ரூபாய் மருத்துவ முகாமுக்கும் பிரிந்து நிற்கும். பேரேட்டிலோ "சம்பளம்" என்ற ஒரே லெட்ஜர்தான் இருக்கும். நன்கொடையாளருக்கு அனுப்பும் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு ஓர் அறிக்கை, அறங்காவலர் கூட்டத்துக்கு மற்றோர் அறிக்கை, தணிக்கையாளருக்கு மூன்றாவது என, ஒரு பதிவிலிருந்தே எல்லாம் கிடைக்கின்றன. மாதந்தோறும் ஒரே விகிதத்தில் பிரிக்க வேண்டிய வாடகை, மின்கட்டணம் போன்றவற்றுக்கு விகிதத்தை முன்கூட்டியே அமைத்து வைக்கவும் இயலும். செலவு மையத்துக்கு வரவு செலவுத் திட்டம் வகுத்து, உண்மைச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியுண்டு.

இந்த வசதியை அறியாமல், "சம்பளம் கல்வித் திட்டம்", "சம்பளம் மருத்துவத் திட்டம்", "பயணம் கல்வித் திட்டம்" என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி லெட்ஜர் திறந்து வைத்திருக்கும் புத்தகங்களை நான் அடிக்கடி காண்கிறேன். திட்டங்கள் பெருகும்போது இருப்பாய்வு (எல்லா லெட்ஜர்களின் மீதிகளையும் காட்டும் பட்டியல்) பல பக்கங்களுக்கு நீண்டு, எந்தத் தலைப்பில் மொத்தம் எவ்வளவு செலவானது என்று சொல்லவே முடியாத நிலை வந்துவிடுகிறது. செலவின் தன்மையை லெட்ஜர் சொல்லட்டும். செலவின் நோக்கத்தைச் செலவு மையம் சொல்லட்டும். புதிதாக அமைப்போர் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. செலவு மையம் வரவையும் செலவையும் பகுத்துக் காட்டும். நிதியின் தொடக்க இருப்பைத் தாங்கி நிற்பது மேலே சொன்ன நிதி லெட்ஜரே. ஆண்டு இறுதியில் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளுக்குச் செலவு மையம் மட்டும் போதாது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்குப் புத்தகங்களைக் கேட்கிறது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அப்பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். அதே திருத்தம் நிர்வாகச் செலவின் உச்ச வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டுக்குக் குறைத்தது. பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடை செய்தது. ஆகவே டேலியில் "உள்நாடு" என்று ஒரு நிறுவனமும், "வெளிநாட்டு நன்கொடை" என்று இன்னொரு நிறுவனமும் தனித்தனியாகத் திறப்பதே முறை. ஒரே உரிமத்தில் எத்தனை நிறுவனங்களையும் திறக்கலாம் என்பதால் இதற்குக் கூடுதல் செலவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே இருப்புநிலைக் குறிப்பாகப் பார்க்கக் குழும நிறுவனம் என்ற வசதி உள்ளது. இரு புத்தகங்களிலும் லெட்ஜர் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் தொகுப்பு சரியாக அமையும்.

இந்த இரண்டாம் புத்தகத்தில் நிர்வாகச் செலவுகளைத் தனித் தொகுதியாக முதல் நாளிலிருந்தே பிரித்துவிட வேண்டும். விதிகளின்படி, திட்டத்தில் நேரடியாக ஈடுபடும் ஆசிரியர், மருத்துவர், பயிற்றுநர் போன்றோரின் ஊதியம் நிர்வாகச் செலவில் சேராது. அலுவலகப் பணியாளரின் ஊதியம் சேரும். இந்தப் பிரிவினையை டிசம்பர் 31க்குள் எஃப்.சி-4 ஆண்டறிக்கை தாக்கல் செய்ய உட்காரும்போது செய்யத் தொடங்கினால், 20 விழுக்காட்டை மீறியது தெரிந்தும் திருத்த வழியிருக்காது. அந்த ஆண்டு மார்ச்சிலேயே முடிந்திருக்கும். அந்தப் பணத்துக்குக் கிடைத்த வங்கி வட்டியும் வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும் என்பதால் அதையும் இதே புத்தகத்தில்தான் பதிய வேண்டும்.

அறக்கட்டளைகளைப் பொறுத்தவரை டேலியின் மிகப் பெரிய குறை நன்கொடையாளர் பதிவேடு இல்லாமையே. 2021-22 நிதியாண்டிலிருந்து 80ஜி ஒப்புதல் (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்வது) பெற்ற ஒவ்வோர் அமைப்பும் தனக்கு வந்த நன்கொடைகளின் விவரத்தை மே 31க்குள் படிவம் 10பிடியில் தாக்கல் செய்து, அதிலிருந்து பிறக்கும் 10பிஇ சான்றிதழை நன்கொடையாளருக்குத் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். நன்கொடையாளரின் நிரந்தரக் கணக்கு எண் அல்லது ஆதார் எண், முகவரி, நன்கொடை மூலநிதியா குறிப்பிட்ட நோக்கத்துக்கானதா பொதுவானதா, ரொக்கமா வங்கி வழியா என எல்லாவற்றையும் அப்படிவம் கேட்கிறது. டேலியில் ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் ஒரு லெட்ஜர் திறந்து முகவரியையும் நிரந்தரக் கணக்கு எண்ணையும் பதியலாம். ஐம்பது பேருக்கு இது சரி. ஆயிரம் பேர் நூறு ரூபாயும் இருநூறு ரூபாயுமாகத் தரும் அமைப்புக்கு இது நடைமுறைக்கு ஒவ்வாது. அங்கே "பொது நன்கொடை" என்ற ஒரே லெட்ஜரை வைத்துக்கொண்டு, ரசீது எண்ணோடு நன்கொடையாளர் விவரத்தைத் தனி விரிதாளில் பராமரிப்பதே மேல். மாதந்தோறும் விரிதாளின் கூட்டுத்தொகையும் டேலியின் கூட்டுத்தொகையும் ஒத்திருக்க வேண்டும். பெயர் தெரியாத நன்கொடை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் 30 விழுக்காடு வரி விழும் என்பதால் இந்தப் பதிவேட்டில் அலட்சியம் கூடாது.

இக்குறையைச் சற்று ஈடுகட்டும் வசதியும் ஒன்று உண்டு. வவுச்சர் வகைகளை நம் தேவைக்கேற்ப உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி எண் வரிசை தரலாம். 80ஜி ரசீதுக்கு ஒரு வரிசை, மூலநிதி ரசீதுக்கு ஒரு வரிசை, உறுப்பினர் சந்தாவுக்கு ஒரு வரிசை என வைத்தால் படிவம் நிரப்பும்போது பிரித்தெடுப்பது எளிதாகிறது. மூலநிதி ரசீதை வெட்டும் முன் நன்கொடையாளரின் எழுத்து வடிவிலான குறிப்பு கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் நாமாக மூலநிதி என்று பதிவது செல்லாது. அத்தொகையைச் சட்டம் குறிப்பிடும் முதலீட்டு வகைகளில் அந்த மூலநிதிக்கென்றே தனியாக வைத்திருப்பதும் கட்டாயம். ஆகவே வைப்பு நிதி ஒவ்வொன்றுக்கும் தனி லெட்ஜர் திறப்பதைப் பரிந்துரைக்கிறேன்.

செலவினங்களில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உள்ளன. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது அறப்பணிப் பயன்பாடாகக் கணக்கில் கொள்ளப்படாது. மற்றொன்று இதைவிட நுட்பமானது. 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு, உண்மையில் செலுத்தப்பட்ட ஆண்டில்தான் ஒரு செலவு பயன்பாடாக ஏற்கப்படும். டேலியில் மார்ச் மாதத்துச் சம்பளத்தை மார்ச் 31 அன்று செலவாகவும் பொறுப்பாகவும் பதிந்து, ஏப்ரலில் கொடுத்தால், வருவாய் செலவினக் கணக்கு அதை இந்த ஆண்டுச் செலவாகக் காட்டும். வரிக் கணக்கில் அது அடுத்த ஆண்டைச் சேரும். கொடுபடாச் செலவுகளுக்கு ஒரு தனித் துணைத் தொகுதி வைத்திருந்தால் ஆண்டு இறுதியில் அதன் மீதியைப் பார்த்த மாத்திரத்தில் கழிக்க வேண்டிய தொகை தெரிந்துவிடும். மூலத்தில் வரிப் பிடித்தத்துக்கு (டி.டி.எஸ்) டேலியில் உள்ள ஏற்பாடு நன்றாகவே இயங்குகிறது. அதை முடக்கி வைக்காமல் பயன்படுத்த வேண்டும்.

நம்பகத்தன்மை பற்றிச் சில சொற்கள். கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ் பதிவான அமைப்புகள் நிறுவனங்களே என்பதால், 2023 ஏப்ரல் 1 முதல் மாற்றங்களின் தடத்தைப் பதிவு செய்யும் மென்பொருளையே அவை பயன்படுத்த வேண்டும். இதற்கென டேலி பிரைம் எடிட் லாக் என்ற பதிப்பு உள்ளது. அதில் தடப்பதிவை நிறுத்த முடியாது. பத்திரப் பதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்கும், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் உள்ள சங்கங்களுக்கும் இக்கட்டாயம் இல்லை. ஆயினும் அவர்களும் இந்தப் பதிப்பையே நிறுவிக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துவேன். பொதுமக்கள் தந்த பணத்தின் கணக்கில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று தெரிவது கணக்கருக்கும் பாதுகாப்பு, அறங்காவலருக்கும் பாதுகாப்பு.

விலைக்கு வருவோம். ஒரு கணினிக்கான சில்வர் உரிமம் இதை எழுதும்போது 22,500 ரூபாய். 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியோடு 26,550 ரூபாய். பதிவு பெற்ற வணிகர் அந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற்றுவிடுவார். வரிப் பதிவு இல்லாத அறக்கட்டளைக்கு அது முழுச் செலவு. ஆண்டு வரவே இரண்டு மூன்று இலட்சமாக உள்ள ஒரு நூலக மன்றத்துக்கோ ஊர்ப் பொது அமைப்புக்கோ இது பெருந்தொகை. அவர்களுக்கு நான் டேலியைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் கட்டணமில்லாத் திறமூல மென்பொருளான க்னூகேஷை எடுத்துக்கொள்ளலாம். இரட்டைப் பதிவு முறையை அது ஒழுங்காகப் பின்பற்றுகிறது. லெட்ஜர்களை எத்தனை அடுக்காகவும் வகுக்கலாம். செலவு மையம் போன்ற இரண்டாவது கோணம் அதில் இல்லை. ஒரே நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். இந்திய வரிப் பிடித்தத்துக்கான ஏற்பாடும் இல்லை. ஒரே நிதி, ஒரே திட்டம் என்றிருக்கும் அமைப்புக்கு இவை எதுவும் தடையாகாது. டேலியை வாங்கும் முன் பழகிப் பார்க்க விரும்புவோர் அதன் கட்டணமில்லாக் கல்விப் பதிப்பை நிறுவலாம். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே அதில் பதிய முடியும் என்றாலும், கணக்குத் தலைப்புகளையும் செலவு மையங்களையும் வகுத்து, அறிக்கைகள் எப்படி வருகின்றன என்று பார்ப்பதற்கு அது போதுமானது.

தமிழ்நாட்டில் டேலிக்கு ஆதரவாகப் பேசும் இன்னொரு காரணம் மனிதர் சார்ந்தது. எந்தச் சிற்றூரிலும் டேலி தெரிந்த ஒருவர் கிடைப்பார். இருக்கும் கணக்கர் விலகினால் அடுத்தவர் வந்து அதே புத்தகத்தைத் தொடர முடியும். தணிக்கையாளர் அலுவலகங்களும் டேலியின் காப்பு நகலைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கின்றன. சொற்ப ஊதியத்தில் கணக்கரை நியமிக்கும் அமைப்புகளில் ஆள் மாற்றம் தவிர்க்க முடியாதது என்பதால், மென்பொருளின் எந்த நுட்பத்தையும்விட இது எடை மிகுந்த காரணம் என்று கருதுகிறேன்.

வருமான வரி விதி 17ஏஏ கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் பத்தாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. பத்தாண்டுகளில் கணினியும் மாறும், மென்பொருளின் பதிப்பும் மாறும். ஆகவே ஒவ்வோர் ஆண்டின் தணிக்கை முடிந்ததும் பேரேடு, நாளேடு, இருப்பாய்வு, செலவு மைய அறிக்கைகள் ஆகியவற்றைப் பிடிஎஃப் கோப்புகளாக மாற்றி, டேலியின் காப்பு நகலோடு சேர்த்து அலுவலகத்துக்கு வெளியே ஒரு பிரதியும் வைக்க வேண்டும். டேலி வால்ட் கடவுச்சொல்லால் பூட்டிய தரவைக் கடவுச்சொல் இன்றித் திறக்க இயலாது. அதைக் கணக்கர் ஒருவரின் நினைவில் மட்டும் விட்டுவிடாமல், உறையிலிட்டு அறங்காவலர் இருவரின் பொறுப்பில் ஒப்படைத்து, அவ்வாறு ஒப்படைத்ததைக் கூட்டக் குறிப்பேட்டில் பதிந்துவிட வேண்டும்.